சொந்த ஆப் செய்தால் வியாபாரம் பெருகுமா?
உத்திரமேரூர் வணிகர்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி இன்று கியூஆர் அட்டை இல்லாத கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பணம் வாங்குவது போனுக்குப் போய்விட்டது. ஆர்டர் வாங்குவதையும் அங்கேயே கொண்டுபோய்விடலாமே என்பது அடுத்த ஆசை. காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் பெரிய கடைகளின் விளம்பரப் பலகையில் 'எங்கள் ஆப்பை டவுன்லோடு செய்யுங்கள்' என்ற வரியைப் பார்த்துவிட்டு வரும் நம்மூர்க் கடைக்காரர், ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த யாரையாவது பிடித்து விலை கேட்கிறார். ஒருவர் 25 ஆயிரம் என்கிறார். இன்னொருவர் 5 லட்சம் என்கிறார். ஒரே பொருளுக்கு இருபது மடங்கு வித்தியாசமா என்று குழம்புகிறார்.

மளிகை, ஜவுளி, ஹோட்டல், டியூஷன் சென்டர் என்று பல தொழில் செய்பவர்களும் பொதுவாகக் கேட்கும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

சந்தேகம் 1: ஒருவர் 25 ஆயிரம், ஒருவர் 5 லட்சம். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். சொல்லும் பொருள்தான் வேறு. 25 ஆயிரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் முன்பே செய்து வைத்த ஒரு அச்சு. உங்கள் கடைப் பெயரையும் படத்தையும் மாற்றி ஒட்டித் தருவார்கள். அல்லது உங்கள் இணையதளத்தையே ஆப் வடிவ உறைக்குள் போட்டுத் தருவார்கள். விலைப்பட்டியலைக் காட்டவும் போன் நம்பரை அழுத்திப் பேசவும் அது போதும்.

ஸ்டாக் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, ஆர்டர் வாங்கி, பணம் வரவு வைத்து, டெலிவரி செய்பவருக்கு வழி காட்ட வேண்டுமென்றால் கதை வேறு. அது ஒரே ஆப் இல்லை. வாடிக்கையாளருக்கு ஒன்று, கல்லாவில் இருப்பவருக்கு ஒன்று, டெலிவரிக்குப் போகிறவருக்கு ஒன்று, இவை மூன்றையும் இணைக்கும் சர்வர் ஒன்று என நான்கு வேலை. கொட்டேஷனில் இந்த நான்கில் எவை அடங்கும் என்று கேட்டாலே விலை வித்தியாசத்தின் ரகசியம் பாதி தெரிந்துவிடும்.

சந்தேகம் 2: அந்த 5 லட்சம் எப்படி வருகிறது? கணக்குக் காட்ட முடியுமா?

ஆப் செய்வதில் மூலப்பொருள் கிடையாது. செலவு முழுவதும் ஆள் கூலிதான். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்று பேர் மூன்று மாதம் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு மாதம் 35,000 ரூபாய் என்றால் 3,15,000 ரூபாய். நிறுவனத்தின் வாடகை, மின்சாரம், லாபம் என்று 20 சதவீதம் சேர்த்தால் 3,78,000. மென்பொருள் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 68,040. ஆக மொத்தம் 4,46,040 ரூபாய்.

ஆட்களைக் குறைத்தால் காசு குறையும், மாதங்கள் கூடும். ஒரே ஆளிடம் கொடுத்தால் விலை பாதியாகலாம். ஆனால் அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால் உங்கள் ஆப்பைத் திறந்து பார்க்கவே ஆள் இருக்காது. ஜிஎஸ்டியில் வழக்கமான முறையில் பதிவு செய்திருப்பவர் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு 68 ஆயிரமும் செலவுதான்.

சந்தேகம் 3: ஒருமுறை காசு கொடுத்துவிட்டால் முடிந்ததா?

இல்லை. பலர் ஏமாறும் இடம் இதுதான். ஆப் என்பது பீரோ வாங்குவது போல இல்லை, மாடு வாங்குவது போல. தீவனம் தினமும் வேண்டும்.

கூகுள் பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒருமுறை கட்டணம் 25 டாலர், நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், ஏறக்குறைய ஒன்பதாயிரம். இவை சின்னச் செலவுகள். சர்வர் வாடகை, டொமைன் புதுப்பிப்பு, ஓடிபி எஸ்எம்எஸ் ஆகியவை தொடர் செலவு. எஸ்எம்எஸ் அனுப்பவும் நினைத்த உடனே முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி எனும் பதிவுத் தளத்தில் நிறுவனத்தின் பெயரையும் அனுப்பப்போகும் வாசகத்தையும் பதிவு செய்த பிறகே அனுப்பலாம்.

பெரிய செலவு பராமரிப்பு. ஆண்ட்ராய்டு ஆண்டுதோறும் புதிய பதிப்பு வெளியிடுகிறது. அதற்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பிக்க கூகுள் வழக்கமாக ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31ஐக் கெடுவாக வைக்கிறது. புதுப்பிக்காத பழைய ஆப், புது போன் வாங்குபவர் தேடும்போது பிளே ஸ்டோரில் தென்படாமல் போகும். செய்த செலவில் 15 முதல் 20 சதவீதம் வரை ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. மேலே சொன்ன வரி நீங்கலான 3,78,000 ரூபாய்க்கு அது ஆண்டுக்கு 56 ஆயிரம் முதல் 75 ஆயிரம் வரை.

சந்தேகம் 4: என்னுடையது மளிகைக் கடை. எத்தனை ஆர்டர் வந்தால் போட்ட காசு திரும்பும்?

அதே எடுத்துக்காட்டை நீட்டுவோம். 4,46,040 ரூபாயை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1,48,680. பராமரிப்பு 65,000. சர்வர், எஸ்எம்எஸ், டொமைன் எல்லாம் சேர்த்து 21,000 என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 2,35,000 ரூபாய். 500 ரூபாய் ஆர்டரில் கையில் நிற்பது 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4,700 ஆர்டர், நாளொன்றுக்கு 13 ஆர்டர் தேவை.

டெலிவரிக்கு ஓர் ஆளை மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் வைத்தால் ஆண்டுக்கு 1,44,000 கூடும். அப்போது நாளொன்றுக்கு 21 ஆர்டர். பெட்ரோல் இதில் சேரவில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த 21 ஆர்டரும் புதிதாக வருபவையாக இருக்க வேண்டும். நேற்றுவரை கடைக்கு நேரில் வந்து லிஸ்ட் கொடுத்தவரே இன்று ஆப்பில் ஆர்டர் போட்டால் அது வரவு இல்லை, டெலிவரிச் செலவுதான் கூடியது.

சந்தேகம் 5: நம் பக்கத்துக் கிராமத்து மக்கள் ஆப் பயன்படுத்துவார்களா?

தேவை இருந்தால் பயன்படுத்துவார்கள். தமிழக அரசு 2018 ஏப்ரலில் 'உழவன்' செயலியைத் தொடங்கியது. மானியத் திட்டங்கள், வானிலை, சந்தை விலை என்று விவசாயிக்கு வேண்டியதை அதில் வைத்தது. யுபிஐயும் அப்படித்தான் கிராமத்துக்குள் வந்தது. சில்லறைத் தட்டுப்பாடு தீர்ந்தது, வந்த யுபிஐ தங்கிவிட்டது.

ஆனால் ஒரு கடைக்காக மட்டும் ஓர் ஆப்பைப் போனில் வைத்திருக்க யாருக்கும் மனம் வருவதில்லை. விலை குறைந்த போனில் இடமும் குறைவு. பேரனின் படத்துக்கே இடம் போதவில்லை என்னும்போது முதலில் அழிக்கப்படுவது மாதம் ஒருமுறை திறக்கும் கடை ஆப்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது தேவைப்படும் பால், காய்கறி, சாப்பாடு போன்றவற்றுக்கு வாய்ப்பு உண்டு. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஜவுளி எடுக்கிறவர் அதற்கென்று ஓர் ஆப்பை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

சந்தேகம் 6: தமிழில் ஆப் செய்வதில் என்ன சிக்கல்?

மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது எழுத்துரு. டிடிபி சென்டரில் பழைய எழுத்துருவில் அடித்து வைத்த விலைப்பட்டியலை அப்படியே ஏற்றினால் திரையில் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். எல்லாப் பெயர்களையும் யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். ஆயிரம் சரக்கு உள்ள கடையில் இதுவே சில நாள் வேலை.

இரண்டாவது தேடல். ஒருவர் 'துவரம்பருப்பு' என்று அடிப்பார், ஒருவர் 'துவரை' என்பார், மற்றவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். மூன்றுக்கும் ஒரே சரக்கு வர வேண்டும். இதைக் கொட்டேஷனில் சொல்லாவிட்டால் செய்து தர மாட்டார்கள்.

மூன்றாவது முகவரி. 'ஏரிக்கரைக்குக் கீழே, அம்மன் கோயில் தாண்டி, ஓட்டு வீடு' என்பதுதான் நம் ஊரில் விலாசம். வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் வசதி அவசியம். கூகுள் மேப்பை ஆப்பில் இணைத்தால் ஓர் எல்லைவரை இலவசம், அதற்கு மேல் கட்டணம். அஞ்சல் துறை 2025ல் வெளியிட்ட டிஜிபின் முறையில், நாடு முழுவதும் ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தரப்பட்டிருக்கிறது. தெருப்பெயர் இல்லாத வீட்டுக்கு இது உதவும்.

சந்தேகம் 7: பிளே ஸ்டோரில் போட்டால் கூகுளுக்குக் கமிஷன் தர வேண்டுமா?

அரிசி, துணி, சாப்பாடு போன்ற கைக்கு வரும் பொருளை விற்றால் கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ கமிஷன் கிடையாது. டியூஷன் சென்டர் வீடியோ பாடத்தையோ டிஜிட்டல் சந்தாவையோ ஆப்புக்குள்ளேயே விற்றால்தான் கமிஷன் விதி வரும். ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வருமானத்துக்கு அதை 15 சதவீதமாக 2021ல் இரு நிறுவனங்களும் குறைத்தன.

பணம் வாங்கும் கேட்வேக்குத் தனிக் கட்டணம் உண்டு. யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் பூஜ்யம். ஆனால் கேட்வே நிறுவனங்கள் தங்கள் தளத்துக்கான கட்டணத்தைத் தனியாகக் கேட்பதுண்டு. மற்ற கார்டுகளுக்குப் பொதுவாக 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும். 50 ரூபாய் லாபம் நிற்கும் 500 ரூபாய் ஆர்டரில் இது ஏறக்குறைய 12 ரூபாய். லாபத்தில் கால்பங்கு போய்விடுகிறது.

சந்தேகம் 8: ஆப் தயாரான மறுநாளே பிளே ஸ்டோரில் வந்துவிடுமா?

வராது. தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் திறந்தால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் அந்த ஆப்பைச் சோதித்துப் பார்த்த பிறகே பொதுவெளியில் விட விண்ணப்பிக்க முடியும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 2024 இறுதியில் 12 ஆகக் குறைத்தார்கள். அதன்பின் கூகுளின் பரிசீலனைக்குச் சில நாட்கள். நிறுவனத்தின் பெயரில் கணக்குத் திறக்க டன்ஸ் எண் என்ற அடையாள எண் கேட்பார்கள். பொங்கலுக்கு ஆப் வெளிவர வேண்டுமென்றால் ஆயுத பூஜைக்கே வேலை முடிந்திருப்பது நல்லது.

ஐபோனுக்கு உடனே ஓட வேண்டாம். இந்தியாவில் பத்துப் போன்களில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டுதான். சென்னையில் இருந்துகொண்டு ஊரில் உள்ள அப்பா அம்மாவுக்கு மளிகை ஆர்டர் போடும் பிள்ளைகளிடம் ஐபோன் இருக்கலாம். அவர்களுக்கு ஓர் இணையப் பக்கம் போதும்.

பரிசீலனைக்குப் பயந்து ஆப் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி 'இதை நிறுவிக்கொள்ளுங்கள்' என்று சொல்லாதீர்கள். போலி ஆப் கோப்பு (ஏபிகே) அனுப்பி வங்கிக் கணக்கைச் சுரண்டும் கும்பல்களின் வழியும் இதுதான். அப்படிப் பணம் இழந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

சந்தேகம் 9: காசு கொடுத்துச் செய்த ஆப் எனக்குத்தானே சொந்தம்?

சட்டப்படி அது தானாக உங்களுடையது ஆகாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வைத்த ஊழியர் எழுதினால் மென்பொருள் முதலாளிக்குச் சொந்தம். வெளி நிறுவனத்திடமோ தனி ஆளிடமோ ஒப்பந்தத்துக்குக் கொடுத்தால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை உரிமை செய்தவரிடமே நிற்கும். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் நான்கை எழுதி வாங்குங்கள். சோர்ஸ் கோடு முழுவதும் நிரந்தரமாக எனக்கு. பிளே ஸ்டோர் கணக்கு என் இமெயிலில், என் பெயரில். டொமைனும் சர்வரும் என் பெயரில், பாஸ்வேர்டு என்னிடம். பணத்தை ஒரே மூச்சில் தராமல் வேலை முடிய முடியத் தவணையாக. செய்து கொடுத்தவரின் கணக்கிலேயே ஆப் இருந்தால், அவர் போன் எடுக்காத நாளில் உங்கள் கடையும் மூடிக்கிடக்கும்.

எழுதி வைப்பதன் அருமையை உத்திரமேரூருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைத் தேர்தல் குடத்தில் இடக் கூடாது என்பதும் அந்த விதிகளில் ஒன்று. ஆப் செய்பவரைத் தேர்ந்தெடுக்கவும் அந்த விதி பொருந்தும்.

சந்தேகம் 10: வாடிக்கையாளர் விவரம் சேகரித்தால் சட்டச் சிக்கல் வருமா?

பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி மூன்றும் தனிநபர் தரவு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், தேவைக்கு மேல் வாங்கக் கூடாது, கசியாமல் காக்க வேண்டும் என்பது சாரம். பாதுகாப்பில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு கடைக்கு அந்த அளவு வராது என்றாலும் பொறுப்பு ஆப் செய்தவருடையது இல்லை, கடைக்காரருடையது. மளிகை ஆர்டருக்கு ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் எதற்கு? கேட்காமல் விடுவதே நல்ல பாதுகாப்பு.

சந்தேகம் 11: சொந்த ஆப் இல்லாமல் வேறு வழி உண்டா?

உண்டு. முதல் படி வாட்ஸ்அப் பிசினஸ். 2018ல் வந்த இந்தச் செயலி சிறு வணிகருக்கு இலவசம். சரக்கின் படமும் விலையும் போட்டு வைக்கும் கேட்டலாக் வசதி 2019 முதல் இருக்கிறது. வாடிக்கையாளரின் போனில் புதிதாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. குரலில் லிஸ்ட் சொல்லியும் அனுப்பலாம்.

இரண்டாவது, பொதுத் தளங்கள். மத்திய அரசின் முன்முயற்சியில் 2021 இறுதியில் நிறுவப்பட்ட ஓஎன்டிசி, ஒரே நிறுவனத்தின் பிடியில் இல்லாத திறந்த வலைப்பின்னல். 2022ல் அது சோதனைக்கு எடுத்துக்கொண்ட முதல் ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. வாங்குபவர் ஓர் ஆப்பிலும் விற்பவர் வேறொன்றிலும் இருக்கலாம்.

மூன்றாவது, பலர் சேர்ந்து ஒன்று. நாமக்கல் ஹோட்டல்காரர்கள் 2025 ஜூலையில் கமிஷன் அதிகம் என்று ஸ்விக்கி, சொமேட்டோ வழி விற்பனையை நிறுத்தினார்கள். அதையொட்டி தமிழ்நாடு ஹோட்டல்கள் சங்கம், ஆர்டருக்கு ஆர்டர் கமிஷன் பிடிக்காமல் சந்தா வாங்கும் சாரோஸ் செயலியுடன் கைகோத்தது. பெங்களூர் ஆட்டோக்காரர்களுக்கான நம்ம யாத்ரியும் கமிஷனுக்குப் பதில் நாள் கட்டணம் என்ற வழியில் போனது. ஒரு கடைக்கு நாளுக்கு 21 ஆர்டர் மலை. நாற்பது கடைக்கு ஒரே ஆப் என்றால் கடைக்கு நாளுக்கு ஓர் ஆர்டர்கூட வேண்டியதில்லை, ஆப்பின் செலவு கட்டிவிடும். வணிகர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் இது.

சந்தேகம் 12: பெரிய முதலீடு போட்டால் வெற்றி நிச்சயமா?

அதற்கும் பதில் இருக்கிறது. பெங்களூரில் தொடங்கி சென்னைக்கும் வந்த டன்சோ, வீட்டு வாசலில் பொருள் கொண்டுவந்து தந்த செயலி. கூகுள் பணம் போட்டது. ரிலையன்ஸ் ரீடெய்ல் 2022ல் பெரும் முதலீடு செய்தது. 2025 தொடக்கத்தில் அதன் செயலியும் இணையதளமும் நின்றுபோயின. ஆப்பில் குறை இல்லை. ஒவ்வொரு டெலிவரிக்கும் ஆன செலவு, வந்த வரவைத் தாண்டியது. திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் சைக்கிளிலோ வண்டியிலோ போய்ச் சேர்ப்பவரின் கூலிதான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

சந்தேகம் 13: சரி, நான் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து. வாட்ஸ்அப்பிலும் போனிலும் வரும் ஆர்டரை மூன்று மாதம் எழுதி வையுங்கள். யார், என்ன, எத்தனை ரூபாய்க்கு, எந்த ஊருக்கு, திரும்ப எத்தனை நாளில் என்ற ஐந்து கட்டம் போதும். நாளுக்குப் பத்தைத் தாண்டி, எழுதி முடியவில்லை, ஆர்டர் தவறிப்போகிறது என்ற நிலை வந்தால் ஆப் உங்களுக்குத் தேவை. அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போய் கொட்டேஷன் கேளுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அதுவே சொல்லும்.

மூன்று மாதத்தில் நோட்டின் பாதிப் பக்கம்கூட நிரம்பாவிட்டால், அந்த நாலரை லட்சத்துக்குச் சரக்கு எடுத்துப் போடுங்கள்.